கோல் அடித்தால் மட்டன் பை

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவியின் சொந்தக்காரர்கள், நான் ஸ்கொட்லாந்துக்கு விளையாடியவன் என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை. மனைவியின் அம்மா, என் மாமி, தொலைபேசியில் சொன்னது. "மருமகன் ஸ்கொட்லண்ட்காரருக்கு விளையாடுறார்" என்று மாமி சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில், கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. ஒரு காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. அதில்தான் நான் ஃபோர்வேர்ட், கோல் அடிக்கவென்று முன்னால் நிற்கிற ஆள். மாநிலத்தில் உள்ள பிரிவுகளை மேலிருந்து கீழே ஒருவர் படித்துக்கொண்டு வந்தால், எங்கள் பிரிவு வருவதற்குள் அவருக்குக் களைத்துவிடும்.

கிழமை நாட்களில் நான் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அங்கே என் மேற்பார்வையாளராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர்தான் கழகத்தின் பயிற்சியாளரும். ஒருநாள் ரீ குடிக்கும் இடைவேளையில், பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்ரிக் தாளை உருண்டையாக்கி நான் குப்பைத் தொட்டிக்குள் காலால் அடித்ததை அவர் கண்டுவிட்டார். அந்த ஒரு அடியை நம்பி என்னைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பிற்காலத்தில் பட்ட துன்பங்களுக்கெல்லாம் அந்தக் குப்பைத் தொட்டிதான் காரணம். எல்லோரையும் "மகன்" என்றுதான் கூப்பிடுவார். அவரைவிட வயது கூடிய எங்கள் பொருளாளரையும் அப்படித்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். போர்க்கால இடப்பெயர்வில் முதலில் பள்ளிக்கூடம் போனது, பிறகு எனக்கு அதில் இருந்த விருப்பமும் போனது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளென் வேவர்லியில் இருக்கும் மனைவியின் மச்சான் வீட்டுக்குப் பிறந்தநாள், பால்காய்ச்சல் என்று போனால், அங்கே வருகிறவர்களில் ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் கணக்காளர், இன்னொருவர் ஏதோ செய்கிறார், என்னவென்று கேட்டால் அவர் சொல்லி முடிக்கும்போது தட்டில் எடுத்த ரோல்ஸ் ஆறிவிடும். சுற்றி வந்து கடைசியில் என்னிடம், "அப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கும் முன் மனைவி, "இவர் புட்போல் விளையாடுறவர். ஃபோர்வேர்ட்" என்பாள். பல் வைத்தியர் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் திருப்புவார். அந்தக் கதிரை திரும்புவதற்காகத்தான் நான் வருஷக்கணக்காகச் சனிக்கிழமைகளில் மழைக்குள் ஓடினேன்.

ஃபோர்வேர்டுக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் இருந்தது. வேகம் இருந்தது, மூச்சு இருந்தது. கவலையும் இருந்தது. அதுதான் பிழையாகிப்போனது. மற்ற ஃபோர்வேர்ட்டுகள் கோலுக்கு முன்னால் போனால் கோலைப் பார்ப்பார்கள். நான் நடக்கக்கூடியவற்றைப் பார்ப்பேன். அடித்து வெளியே போனால் பின்னால் இருக்கும் வேலியைத் தாண்டி யாருடைய காரிலாவது படுமா, கோல் காப்பாளனின் கைவிரல் முறியுமா, வீட்டில் அடுப்பை நிற்பாட்டினேனா. இவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் பந்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தில் எங்கள் பக்கத்துக்கு முதல் கோல் அடித்தவன், ஆட்டம் முடிந்ததும் கன்ரீனுக்குள் ஒரு கதிரையின் மேல் ஏறி நிற்க வேண்டும். போறணை அடுப்பிலிருந்து வெளியே வரும் முதல் மட்டன் பை அவன் கைக்குப் போகும். அவன் கடித்து, விழுங்கி, தலையாட்டினால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். வயதுபோனவர்கள், முழங்காலில் ஐஸ் கட்டியவர்கள், எதிரணிக்காரர், நடுவர் எல்லோரும் கையில் தட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் கோல் ஒன்றும் அடிக்காத நாட்களில் பயிற்சியாளர் நிலத்தில் நின்றபடியே முதல் கடி கடிப்பார். செத்தவீட்டில் சாப்பிடுவதுபோல இருக்கும்.

மட்டன் பை தெரியாதவர்களுக்கு: அது உள்ளங்கை அகலத்தில், கரை உயர்ந்த, மொறுமொறுவென்ற மாக் கிண்ணம். உள்ளே மிளகுத்தூள் அள்ளிப் போட்ட அரைத்த ஆட்டிறைச்சி. மேலே ஒரு மா மூடி, மூடிக்கு நடுவில் ஒரு துளை. கறி அடைத்துப் பொரிக்கும் எங்கள் பற்றீஸுக்குப் பெரியப்பா முறை என்று வையுங்கள். கன்ரீனை நடத்திய வயதான ஸ்கொட்லாந்து அம்மா தன் கையாலேயே செய்வார். முதல் வருஷம் நான் கோல் அடித்துக் கதிரையில் நின்று அதைக் கடித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு என்று எல்லோருக்கும் சொன்னேன்.

நான் சொல்லவந்த வருஷத்தில், மார்ச்சில் தொடங்கிய ஆட்டங்கள் ஓகஸ்ட் வரை வந்துவிட்டன. எனக்கு ஒரு கோலும் இல்லை. கம்பத்துக்கு அடித்தேன். எதிரணிக் கோல் காப்பாளனின் வயிற்றுக்கு அடித்தேன். ஒருமுறை வேலியைத் தாண்டி ஒரு காரின் கண்ணாடிக்கு அடித்தேன், போய்ப் பார்த்தால் அது என்னுடைய கார்.

ஒரு திங்கட்கிழமை, நான் ஃபோர்க்லிஃப்ட்டில் பெட்டிகளை உயரத் தூக்கி வைத்திருந்த நேரம் பயிற்சியாளர் கீழே வந்து நின்றார்.

"மகன், அதை முதலில் கீழே இறக்கு" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நல்ல செய்தி என்றால் பெட்டி மேலே இருக்கும்போதே சொல்லியிருப்பார்.

"சீசன் முடிவதற்குள் ஒரு கோல். நல்ல கோலாக இருக்க வேண்டியதில்லை. உன்னில் பட்டுப் போனாலும் போதும். அது இல்லையென்றால் அடுத்த வருஷம் உன் ஒன்பதாம் இலக்கச் சட்டை வேறு ஒருவனுக்கு. உனக்குக் கோட்டோரம் கொடி பிடிக்கிற வேலை தருகிறேன். நன்றாக ஓடுகிறாய், அந்த ஓட்டம் வீணாகக்கூடாது."

எங்கள் பிரிவில் கோட்டோரக் கொடியை அந்தந்தக் கழகத்து ஆள்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கும் வேலை. ஏச்சுக்கூடப் பரவாயில்லை. கிளென் வேவர்லியில் மனைவி என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். "இவர் கொடி பிடிக்கிறவர்." பல் வைத்தியரின் கதிரை திரும்பாது.

அதே கிழமை யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது.

நல்லூரில் கொடியேறினால், தேர் முடிந்து, தீர்த்தம் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, அதாவது மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் பலர் வீட்டில் அப்படித்தான், கடல் தாண்டி வந்தும் மாறவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் மச்சம் சமைக்கமாட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாமி இருக்கிறார். குசினியில் சட்டிகள் மாறும். குளிர்சாதனப் பெட்டி மஞ்சள் தண்ணீரில் கழுவப்படும். மத்தியானம் ரீவியில் நல்லூரிலிருந்து நேரடி ஒளிபரப்பு போகும். மாமி அதற்கு முன்னால் கால் நீட்டாமல் இருப்பார். ஒருமுறை விரத நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கேக் துண்டில் முட்டை இருப்பதை, மாமி அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்தார்.

கொடியேறிய அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. மிச்சம் இருக்கும் ஆட்டங்களில் இரண்டு எங்கள் மைதானத்தில். நான் கோல் அடித்தால் மட்டன் பை சாப்பிட வேண்டும். நான் சாப்பிடாவிட்டால் கன்ரீனில் ஒருவரும் சாப்பிட முடியாது. நான் சாப்பிட்டால், வீட்டுக்கு வந்து மாமிக்குப் பக்கத்தால் குசினிக்குள் போக வேண்டும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"மார்ச்சில இருந்து ஒண்டும் அடிக்கேல்லை. இப்ப அடிச்சாப் பிறகு என்ன சாப்பிடுறது எண்டு கவலைப்படுறியளோ? முதல்ல அடியுங்கோ. சாப்பாட்டைப் பிறகு பாப்பம்."

"பிறகு பாக்க நேரமிராதப்பா. உடன கதிரையில ஏத்திப்போடுவினம்."

"நான் இந்த மாசம் சைவம் எண்டு சொல்லுங்கோவன். அதுக்கு இங்கிலீஷ் காணாதோ உங்களுக்கு?"

"போன ஆட்டத்துக்கு ரெண்டு பை சாப்பிட்டனான். எல்லாரும் பாத்தவை. இப்ப போய்ச் சைவம் எண்டால், அந்த அம்மான்ர பை சரியில்லை எண்டு சொல்லுற மாதிரி இருக்கும்."

"அப்ப அடியாதையுங்கோ" என்றாள்.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் போன்ற ஆளிடம் அப்படிப் பகிடி விடக்கூடாது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று மாமியிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தேன். ரீவியில் சுவாமி உள்வீதி சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமி, வேற வழியில்லாமல் விரதத்துக்குள்ள ஒருத்தற்ற வாயில மச்சம் பட்டால் என்ன செய்யிறது?"

மாமி ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆர் தம்பி அந்த ஒருத்தர்?"

"சும்மா, ஒருத்தர்."

"அந்த ஒருத்தருக்குப் பெண்சாதி பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம்."

"மாமியார்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

அடுத்த கிழமை சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். மழை. ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக் கோல் காப்பாளன் பந்தை எடுக்க வெளியே ஓடிவந்து சேற்றில் வழுக்கி விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எனக்கும் கோலுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. வலை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் வயதுபோன அம்மாவை வீல்சேரில் கொண்டுவந்து விட்டிருந்தாலும் அவர் காலால் தட்டி உள்ளே விட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. கோலுக்குப் பின்னால்தான் கன்ரீன். ஆட்டம் முடிகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து அந்த அம்மா பைகளைப் போறணைக்குள் வைப்பார். மிளகும் ஆட்டிறைச்சியும் வெந்த மாவும் கலந்த வாசம் முகத்தில் வந்து அடித்தது. நான் பந்தைப் பார்த்தேன். கம்பங்களைப் பார்த்தேன். கம்பங்களுக்கு நடுவில் ஒரு கதிரை தெரிந்தது. கதிரைக்குப் பக்கத்தில் மாமி.

கால் அடிக்கத்தான் போனது. பாதி வழியில் அதற்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பந்து மெதுவாக உருண்டு, கம்பத்துக்கு வெளிப்பக்கமாகப் போய், சேற்றுக்குள் நின்றது. அங்கே ஒருவரும் ஏசவில்லை. விழுந்து கிடந்த கோல் காப்பாளன் எழும்பி வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனான். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தார். அன்றைக்கு முதல் கடியை அவர்தான் கடித்தார். நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பண்டகசாலையில் கேட்டார். "மகன், சனிக்கிழமை என்ன நடந்தது?"

"காற்று" என்றேன்.

"காற்று உனக்குப் பின்னாலிருந்துதானே அடித்தது?"

"கடைசியில் திரும்பிவிட்டது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அடுத்த ஆட்டம் வெளி மைதானத்தில், ஊருக்கு மற்றப் பக்கத்தில். எங்கள் அணியின் கோல் காப்பாளன் கோயம்புத்தூர்ப் பையன், கணினி வேலை, அவனும் கிரெய்கிபர்ன்தான். அவன் காரில்தான் போனோம். வழியில், "அண்ணா, கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த பால எப்பிடிண்ணா மிஸ் பண்ணீங்க?" என்றான். அவனுக்கு மட்டும் சொன்னேன். அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தான்.

"ஒரு பைக்காகவா? சொல்லிருந்தா நானே ஏறி நின்னு சாப்பிட்டிருப்பேனே."

"கோல் அடிச்ச ஆள்தான் சாப்பிடவேணும். அதுதான் வழக்கம்."

"சரி, அப்போ இன்னிக்கே அடிச்சிருங்க. அந்த கிரவுண்டுல பை கிடையாது. கோச்சுக்கு கோல், உங்களுக்கு விரதம், ரெண்டும் சேஃப்."

படித்தவன் படித்தவன்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் கண்ட இடத்திலிருந்தெல்லாம் அடித்தேன். நடுக்கோட்டிலிருந்து அடித்தேன். பக்கத்தில் தனியாக நின்ற எங்கள் ஆளுக்குக் கொடுக்காமல் அடித்தேன். விழுந்து கிடந்தும் அடித்தேன். கவலையே இல்லாமல் விளையாடினால் நான் எப்படி விளையாடுவேன் என்று பல வருஷமாக யோசித்ததுண்டு. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் மோசமாக விளையாடுவேன். அடித்ததில் இலக்கில் பட்டது ஒன்றுதான், அதுவும் நடுவரின் முதுகில். மஞ்சள் அட்டை காட்டினார்.

ஆக, மிஞ்சியது கடைசி ஆட்டம். எங்கள் மைதானம். கழகத்தின் நாட்காட்டியில் அது சீசனின் கடைசிச் சனிக்கிழமை. குசினிச் சுவரில் இருந்த நாட்காட்டியில் அது நல்லூர்த் தேர்.

அன்று காலை முகம் கழுவும்போது ஒரு முடிவெடுத்தேன். பந்து வந்தால் அடிப்பது. மிச்சத்தைக் கதிரையில் ஏறின பிறகு யோசிப்பது. இப்படி ஒரு துணிந்த முடிவை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. எடுத்துவிட்டேனே என்று மத்தியானம் வரை கவலைப்பட்டேன்.

அதற்கிடையில் மனைவி, பின்னேரம் கோயிலுக்குப் போக வேண்டும், வீட்டுக்கு வந்து திரும்பிப் போக நேரம் காணாது, நாங்களும் மைதானத்துக்கு வந்து அங்கிருந்தே போவோம் என்றாள். நாங்கள் என்றால் மாமியும். மாமி அதுவரை என் ஆட்டத்தைப் பார்க்க வந்ததே கிடையாது. அன்றைக்குப் பட்டுச் சேலைக்கு மேலே என் குளிர்ச் சட்டையைப் போட்டு, காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டு, கோட்டோரத்தில் மடக்குக் கதிரையில் வந்து இருந்தார். நெற்றியில் திருநீறு தூரத்திலேயே தெரிந்தது. கொடி பிடித்துக்கொண்டு ஓடிய மனிதர் ஒவ்வொரு முறையும் மாமியின் காலைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கொடியோடு நானே மாமியைச் சுற்றி ஓடுவேன் என்ற நினைப்பு எனக்கு ஒரு பத்து நிமிஷம் நன்றாக உதவியது.

இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது. எங்கள் கோயம்புத்தூர்க் கோல் காப்பாளன் பந்தை உயர உதைத்தான். காற்று அதை எடுத்துக்கொண்டு வந்தது. எதிரணியின் பின்வரிசை ஆள், கோல் காப்பாளன் எடுப்பான் என்று விட்டான். கோல் காப்பாளன், இவன் எடுப்பான் என்று நின்றான். கடைசி நேரத்தில் இருவருக்கும் ஒன்றாகப் புத்தி வந்து, கோல் காப்பாளன் பந்தைக் கையால் குத்தினான். அது நேரே என் முழங்காலில் வந்து பட்டது. நான் அடிக்கவில்லை, ஓடிப்போன வேகத்தில் முழங்கால் அங்கே இருந்தது. பந்து திரும்பி, அவசரமில்லாமல் உருண்டு, வலைக்குள் போனது. போறணை வாசமும் அடித்தது. ஆனால் முழங்காலுக்கு மூக்கு இல்லை.

எல்லோரும் ஓடிவந்து என்மேல் விழுந்தார்கள். கீழே கிடந்தபடி கோட்டோரத்தைப் பார்த்தேன். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டு அது எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். மாமி மனைவியிடம், "முடிஞ்சுதோ? வெளிக்கிடுவமோ?" என்று கேட்டாராம்.

அந்த ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என்னைத் தூக்காத குறையாகக் கன்ரீனுக்குள் கொண்டுபோய்க் கதிரையில் ஏற்றினார்கள்.

குளிருக்கு ஒதுங்கி மாமியும் மனைவியும் உள்ளே வந்து கதவோரம் நின்றார்கள். மாமியின் கையில் தொலைபேசி. அதன் திரையில் யாழ்ப்பாணத்திலிருந்து மாமியின் அக்கா, தேர் பார்த்துவிட்டு வந்த கையோடு, முகம் நிறையத் திருநீறோடு. வெள்ளைக்காரர் மருமகனைக் கதிரையில் ஏற்றுவதை அக்காவுக்குக் காட்டாமல் விட மாமிக்கு மனம் வரவில்லை.

"மருமகனை ஏன் கதிரையில ஏத்தினவை?" என்று அக்கா கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"கோல் அடிச்சதுக்கக்கா. எங்கட ஆக்கள் பொன்னாடை போத்துறேல்லையே, அது மாதிரி."

கன்ரீன் அம்மா முதல் பையை ஒரு கடதாசித் துண்டில் வைத்து என் கையில் தந்தார். மூடியின் துளையால் ஆவி போய்க்கொண்டிருந்தது. தட்டுகளோடு எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கடி, மகன்" என்றார் பயிற்சியாளர். "மார்ச்சிலிருந்து பசியோடு நிற்கிறோம்."

"கையில என்ன வச்சிருக்கிறார்?" என்றது யாழ்ப்பாணம்.

மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி, என்ன அது? மச்சமோ?"

"ஓம் மாமி."

மாமி தொலைபேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தார். அது சாப்பிடு என்றதா, சாப்பிடாதே என்றதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிற்பாடு ஒருநாள் கேட்டபோது, லைட் வெளிச்சம் அக்காவின் கண்ணில் பட்டதாம்.

நான் மூன்று கிழமையாகத் தயார்பண்ணி வைத்திருந்த ஆங்கில வசனங்கள் எல்லாம் போய்விட்டன. வாயைத் திறந்தேன், வந்ததெல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. இன்றைக்கு எங்கள் சாமிக்குத் தேர் என்றேன். இந்த மாதம் நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றேன். பை மிக நல்ல பை, பையில் ஒரு பிழையும் இல்லை என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "அதனால்தான் அன்றைக்கும் என்னால் முடியவில்லை" என்றேன்.

பின்னாலிருந்து எங்கள் கோல் காப்பாளனின் குரல் மெதுவாகக் கேட்டது. "அய்யோ அண்ணா, அத ஏன் சொல்றீங்க."

பயிற்சியாளர் தட்டை மேசையில் வைத்தார். "என்றைக்கு?"

"அந்த... மழை நாள்."

"திறந்த கோல்?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

"நீ காற்று என்றாய்."

"காற்றும் இருந்தது."

சுவரில் கழகத்தின் பழைய அணிகளின் படங்கள் மாட்டியிருக்கும். மீசை வைத்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் வரிசை வரிசையாக என்னைப் பார்த்தார்கள். மட்டன் பைக்குப் பயந்து கோலை விட்ட ஃபோர்வேர்ட் அவர்களுக்குள் ஒருவனும் இருந்திருக்கமாட்டான்.

கன்ரீன் அம்மாதான் முதலில் அசைந்தார். என் கையிலிருந்த பையைத் திருப்பி வாங்கினார். "இவ்வளவுதானா விஷயம்?" என்றார். "எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சியை வாயில் வைத்தால் என் அம்மா செவிட்டைப் பொத்தி அறை ஒன்று தருவாள். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற கிழமைகளில் கேட்கவே வேண்டாம். என்னிடம் முதலே வந்து சொல்லியிருக்கலாமே, மூளை கெட்டவனே." உள்ளே போய், பொரித்த உருளைக்கிழங்கு ஒரு துண்டை முள்ளுக்கரண்டியில் குத்திக்கொண்டு வந்து நீட்டினார். "இதைக் கடி."

பொருளாளர் கையை உயர்த்தி, கிழங்கு வழக்கத்துக்குச் சரிவருமா என்று கேட்டார்.

"கன்ரீன் யாருடையது?" என்றார் அந்த அம்மா.

பொருளாளர் கையை இறக்கினார். நான் கடித்தேன், விழுங்கினேன், தலையாட்டினேன். கன்ரீன் முழுவதும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது. எனக்கென்று எடுத்த பை கோயம்புத்தூருக்குப் போனது.

பயிற்சியாளர் மட்டும் சாப்பிடவில்லை. நான் கார் தரிப்பிடத்துக்குப் போகும்போது பின்னால் வந்தார். ஒன்பதாம் இலக்கச் சட்டையைத் தோள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவோமா, கேட்கும்வரை இருப்போமா என்று யோசித்தபடி நின்றேன்.

"மகன், அந்தத் தேர் ஒவ்வொரு வருஷமும் ஒரே நாளிலா வரும்?"

"இல்லை. மாறும். அமாவாசையைப் பார்க்க வேண்டும்."

அவர் வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம்தான் இருந்தது. "எனக்கு மார்ச்சுக்கு முதலே நாள் தெரிய வேண்டும். அந்த மாதத்து ஆட்டங்களை வெளி மைதானத்தில் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "வேறு எந்த மாதமாவது, வேறு ஏதாவது இருக்கிறதா? இப்போதே சொல்லிவிடு."

"வெள்ளிக்கிழமைகளில் சைவம்" என்றேன். "ஆட்டம் சனிக்கிழமைதானே, பிரச்சினை இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். அந்த மார்ச் அடுத்த வருஷத்து மார்ச் என்பதும், அடுத்த வருஷமும் சட்டை என்னிடம்தான் என்பதும் காரில் ஏறி இருக்கைப் பட்டியைப் போடும்போதுதான் எனக்கு விளங்கியது. மனைவிக்கு முதலே விளங்கிவிட்டது. அவள் கிளென் வேவர்லிக்கு வட்ஸ்அப்பில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள்.

பின் இருக்கையிலிருந்து மாமி கேட்டார். "தம்பி, அந்தக் கிழங்கை என்ன எண்ணெயில பொரிச்சவை?"

"மரக்கறி எண்ணெய் மாமி."

"அதுக்குள்ள முதல் மீன் கீன் பொரிக்கேல்லையே?"

"இல்லை மாமி."

"கேட்டனீங்களோ?"

நான் சைகை விளக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பிரதான வீதிக்கு ஏறினேன். "ஓம்" என்றேன்.

நான் கேட்கவில்லை. எதையும் மூன்று முறை கேட்டுத் தெளியும் ஆள், அதை மட்டும் கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் அந்த அம்மா உண்மையைச் சொல்லியிருப்பார்.

சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது மாமி சொன்னார்: "எதுக்கும் காரை வீட்டுக்கு விடுங்கோ தம்பி. தலை தோய்ஞ்சு குளிச்சுப்போட்டுக் கோயிலுக்குப் போவம். நேரம் பிந்தினாப் பரவாயில்லை."